கோழி கிளறிய மண்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாசினில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கைக்குப் பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். பத்தியச் சாப்பாட்டுக்காக அம்மா தன் கூட்டிலிருந்து ஒரு பெட்டைக் கோழியைப் பிடித்து அறுத்திருந்தார். நல்லெண்ணெய், மிளகு, பூண்டு எல்லாம் தயாராக இருந்தன. கோழியைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு.

இரைப்பையைக் கீறினேன். உள்ளே வழக்கம்போல் மணலும் பொடிக் கற்களும் கிடந்தன. அவற்றுக்கு நடுவே மிளகு அளவில் ஒரு சாம்பல் நிறத் துண்டு. கல் என்று நினைத்து எடுத்தால், கல்லை விடக் கனமாக இருந்தது. நகத்தால் கீறினேன், கோடு விழுந்தது. கீறிய இடம் வெள்ளிபோல் மின்னியது. பக்கத்தில் கிடந்த பழைய காகிதத்தில் தேய்த்தேன். பென்சில் போல எழுதியது.

"அம்மா, இது என்னா?"

"கோழிதானே, கண்டதையும் கொத்தும். தூக்கிப் போடு."

நான் தூக்கிப் போடவில்லை. அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஓய்வு நேரத்தில் காசாங் ஆற்றில் வலை வீசுவார். வலைக்குக் கட்டும் குண்டுகளைக் கடையில் வாங்க மாட்டார். பட்டறையில் தூக்கிப் போட்ட பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைப் பழைய சட்டியில் உருக்கி, மணலில் குழி செய்து ஊற்றிக் குண்டு வார்ப்பார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம். உருகிய ஈயம் கண்ணாடி போலப் பளபளக்கும். அதெல்லாம் நடந்தது பின்பக்கத்து ரம்புத்தான் மரத்தடியில்.

அப்பா இறந்து பதினோரு வருடம் ஆகிறது. 2022-ல் கோழித் தட்டுப்பாடு வந்து, ஜூன் மாதம் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தி வைத்த நேரத்தில் அம்மா கோழி வளர்ப்பைப் பெருக்கினார். நிழலாக இருக்கிறதே என்று அதே ரம்புத்தான் மரத்தடியில்தான் கூடு கட்டினார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் ஈயம் என்றால் நமக்கு ஈய லம்பமும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும்தான் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். நான் சொல்வது பேட்டரியிலும் வலைக் குண்டிலும் இருக்கும் காரீயம். பெயர் ஒட்டிக்கொண்டாலும் இரண்டும் வேறு வேறு உலோகங்கள். காரீயம் நஞ்சு.

அன்று மதியம் தங்கைக்கு அந்தக் கோழியைச் சமைக்க வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊசி போட்ட பண்ணைக் கோழியைப் பிள்ள பெத்தவளுக்குக் குடுக்கச் சொல்றியா? என் கையால வளத்த கோழி இது" என்றார். நம் வீடுகளில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதான். பண்ணைக் கோழி விஷம், நாட்டுக்கோழி மருந்து. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பிக்கை காரணமில்லாமல் வந்ததல்ல. கோழிக்கும் கன உலோகத்துக்கும் உள்ள கதையில் பண்ணைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

வளர்ச்சி ஊசி கதை உண்மையல்ல. ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் அப்படி ஊசி போட எந்தப் பண்ணைக்கும் கட்டுப்படியாகாது. தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும்தான் அவை வேகமாக வளரக் காரணம். ஆனால் தீவனத்தில் என்ன கலந்தார்கள் என்பது வேறு கதை. ரோக்சார்சோன் என்ற மருந்தை அமெரிக்கா 1944-ல் கோழித் தீவனத்துக்கு அனுமதித்தது. அது ஆர்சனிக் கலந்த மருந்து. நம் பெரியவர்கள் பாஷாணம் என்பார்களே, அந்த ஆர்சனிக்தான். கோழிக்கு வரும் ரத்தக் கழிச்சலைத் தடுக்கும், எடை கூட்டும், இறைச்சிக்கு நல்ல நிறம் தரும் என்று பல்லாண்டுகள் கொடுத்தார்கள். இந்த மருந்தில் இருக்கும் ஆர்சனிக் ஆபத்தில்லாத வகை, கோழி அதை எச்சத்தில் வெளியேற்றிவிடும் என்று சொல்லப்பட்டது.

2011-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே சோதித்துப் பார்த்தது. மருந்து தின்ற கோழிகளின் ஈரலில், தின்னாத கோழிகளைவிட அதிகமாக நச்சு வகை ஆர்சனிக் இருந்தது. புற்றுநோயை உண்டாக்கும் வகை அது. அளவு மிகக் குறைவு, பயப்பட வேண்டாம் என்றும் அந்த நிர்வாகம் சொன்னது. ஆனாலும் மருந்தை விற்ற நிறுவனம் அந்த ஆண்டே விற்பனையை நிறுத்தியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நகரங்களில் கடைக் கோழியை வாங்கிச் சோதித்து, நெஞ்சுக் கறியிலும் அந்த வித்தியாசம் இருப்பதை 2013-ல் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ரோக்சார்சோன் உட்பட மூன்று ஆர்சனிக் மருந்துகளின் அனுமதி போனது. கடைசியாக மிஞ்சிய ஒன்று 2015-ன் முடிவில் போனது. அனுமதி கொடுத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் எழுபது ஆண்டுகள்.

வங்காளதேசத்தின் கதை இன்னும் மோசம். டாக்காவின் ஹசாரிபாக் பகுதியில் அப்போது தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைய இருந்தன. தோலைப் பதப்படுத்தக் குரோமியம் சேர்ப்பார்கள். வெட்டிப்போட்ட தோல் துண்டுகளை அவித்து, காயவைத்து, அரைத்து, மலிவான புரதம் என்று கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்கினார்கள். தீவனத்தில் இருந்த குரோமியம் கோழிக்குள் போனதை டாக்கா பல்கலைக்கழகத்தார் ஆய்வு செய்து எழுதினார்கள். 2011-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தீவனத் தொழிலை நிறுத்தச் சொன்னது.

ஆக, அம்மாவின் சந்தேகம் முழுத் தவறில்லை. தீவனத்தில் போடுவது கோழியில் வரும். கோழியில் வருவது நம் தட்டில் வரும். நம் நாட்டில் தீவனத்துக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உணவில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இருக்கின்றன. கால்நடைச் சேவைத் துறையும் சுகாதார அமைச்சும் மாதிரி எடுத்துச் சோதிக்க முடியும். அந்தச் சோதனைகளின் முடிவுகளை நாம் எல்லாரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்று பயனீட்டாளர்களாகிய நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

ஆனால் அம்மாவின் கூட்டுக்கு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

அன்று இரவு மலாக்கா திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது என்னைத் தூங்க விடவில்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வீட்டுத் தோட்டங்களில் வளர்த்த கோழிகளை ஆய்வு செய்து 2022-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். வீட்டு முட்டையில் இருந்த காரீயம், சராசரியாகக் கடை முட்டையில் இருந்ததைவிட நாற்பது மடங்குக்கும் மேல். சோதித்த கோழிகளில் ஏறக்குறைய பாதியின் ரத்தத்தில் கவலைப்படும் அளவுக்குக் காரீயம். கோழி வளர்த்தவர்கள் யாரும் தீவனத்தில் எதையும் கலக்கவில்லை. நல்லது என்று நம்பித்தான் வளர்த்தார்கள். பழைய வீட்டின் உதிர்ந்த சாயமும், ஒரு காலத்தில் காரீயம் கலந்து விற்ற பெட்ரோலின் புகையும் மண்ணில் தங்கியிருந்தன. கோழி அந்த மண்ணைக் கிளறியது, அவ்வளவுதான்.

இதில் நான் யோசித்தே பார்க்காத ஒரு விஷயம் இருக்கிறது. பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. அது மண்ணையே பார்ப்பதில்லை. அம்மாவின் பெட்டை மூன்று வருடம் வாழ்கிறது. காலையிலிருந்து மாலைவரை மண்ணைக் கிளறுகிறது. கோழிக்குப் பல் இல்லை. இரையை அரைக்கக் கல்லைத் தேடித் தேடி விழுங்கும். கல்லோடு கல்லாகச் சாயத் துண்டும் உலோகத் துண்டும் போய் இரைப்பையில் உட்கார்ந்து, நாள்கணக்கில் தேய்ந்து, ரத்தத்தில் கலக்கும். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும். முட்டை ஓடு செய்ய எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும்போது காரீயமும் கூடவே கிளம்பும். ஒரு பங்கு மஞ்சள் கருவுக்குப் போய்ச் சேரும்.

நாம் நாட்டுக்கோழியின் பெருமையாகச் சொல்லும் இரண்டும், அதாவது அது திறந்த வெளியில் மேய்வதும் நீண்ட நாள் வாழ்வதும், மண் கெட்டிருந்தால் அதன் குறையாக மாறிவிடுகின்றன. மண் நல்லதாக இருந்தால் பெருமை பெருமைதான். அதனால் பண்ணையா, நாட்டுக்கோழியா என்று மட்டும் கேட்பது போதாது. எதைத் தின்றது, எங்கே கிளறியது என்றும் கேட்க வேண்டும்.

நம் மலாக்கா மண்ணுக்கு இந்தக் கேள்வி நன்றாகப் பொருந்தும். இந்த நாட்டின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் போட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேல் தோட்டமாக இருந்த மண் இது. லாலாங் புல்லைக் கொல்ல அந்தக் காலத்துத் தோட்டங்களில் அடித்த மருந்து சோடியம் ஆர்சனைட். 1960களில் பாராகுவாட் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும்வரை அதுதான். மருந்து அடித்த பக்கம் மாட்டை விடாதே என்று அந்தக் காலத்தில் எச்சரிப்பார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பாராகுவாட்டையும் அரசாங்கம் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. பாராகுவாட்டாவது காலப்போக்கில் மெல்லச் சிதையக்கூடியது. ஆர்சனிக் ஒரு தனிமம். அது சிதையாது. மழை அடித்துப் போகலாம், மண்ணுக்கு அடியில் இறங்கலாம், இல்லாமல் மட்டும் போகாது.

எல்லாத் தோட்ட மண்ணும் விஷம் என்று நான் சொல்லவில்லை. மருந்துக் கொட்டகை இருந்த இடம், டிராக்டர் பட்டறை இருந்த இடம், பழைய பேட்டரி குவித்த இடம், சாயம் உரிந்து விழுந்த லயத்துச் சுவரோரம், குப்பை எரித்த குழி. ஆபத்து இந்த மாதிரி இடங்களில்தான். தோட்டம் விற்று, லயம் இடித்து, வீடமைப்பு வந்த பிறகு எந்த இடத்தில் எது இருந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"நல்லா வேகவைத்தால் போய்விடாதா?" என்று தங்கை கேட்டாள். போகாது. கிருமி என்றால் கொதியில் சாகும். உலோகத்துக்குச் சாவு இல்லை. மஞ்சள் போட்டுக் கழுவினாலும் போகாது. ருசியிலோ வாசனையிலோ தெரியாது. மஞ்சள் கரு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் அது சாட்சி ஆகாது.

எவ்வளவு சாப்பிட்டால் பாதுகாப்பு என்ற கேள்விக்கு, காரீயத்தைப் பொறுத்தவரை, உலகச் சுகாதார நிறுவனம் தரும் பதில் கடுமையானது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை. பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையைத்தான் அது முதலில் தொடுகிறது. படிப்பு, கவனம், நிதானம் எல்லாம் பாதிக்கப்படலாம். கர்ப்பிணியின் எலும்பில் பழைய காரீயம் இருந்தால் அது கிளம்பிக் கருவுக்கும் போகும்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கை நடுங்கியது. என் மகனுக்கு மூன்று வயது. பல் முளைத்ததிலிருந்து அவனுக்கு அம்மா வீட்டு முட்டைதான். வாரா வாரம் ஒரு தட்டு முட்டை ஜாசினிலிருந்து மலாக்கா வரும். கோழி அறுத்தால் ஈரல் பேரனுக்கு என்று தனியாக எடுத்து வைப்பார் அம்மா. உங்கள் வீட்டிலும் ஈரல் கடைக்குட்டிக்குத்தானே? ஐரோப்பிய ஒன்றியம் காட்மியம் என்ற உலோகத்துக்கு வைத்திருக்கும் வரம்பைப் பாருங்கள். கோழி இறைச்சியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். ஈரலில் 0.5. சிறுநீரகத்தில் 1. ஈரலுக்குப் பத்து மடங்கு விட்டுக் கொடுத்திருப்பது சலுகையால் அல்ல. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்புகளில்தான் அது போய்ச் சேரும் என்பதால். நல்ல கோழியின் ஈரலில் இரும்புச் சத்து உண்டு, எப்போதாவது சாப்பிடலாம். எங்கே வளர்ந்தது என்று தெரியாத கோழியின் ஈரலைச் சின்னப் பிள்ளைக்கு வாரா வாரம் ஊட்டுவதை நான் நிறுத்திவிட்டேன்.

மகனை டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொன்னேன். முடிவு வருவதற்குள் பத்து நாள் பத்து மாதம் போல ஓடியது. கொஞ்சம் இருக்கிறது, மருந்து தேவைப்படும் அளவில்லை, அந்த முட்டையை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். தங்கை தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றும் சொன்னார். முட்டை ஒன்றுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் கையால் ஊட்டியது மட்டும் எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கோழி வளர்க்கிறவர்களுக்கு உதவும்.

கூட்டை மரத்தடியிலிருந்து எடுத்துவிட்டோம். வீட்டின் பக்கவாட்டில், பட்டறையோ பழைய சுவரோ குப்பைக் குழியோ எப்போதும் இருந்திராத இடத்தை அம்மாவே காட்டினார். தரையிலிருந்து உயர்த்திப் பலகை போட்டு, சுற்றிக் கம்பி வலை அடித்து, கோழிகள் நடக்கும் இடத்தில் வெளியிலிருந்து வாங்கிய மணலைக் கொட்டினோம். தீவனத்தைத் தரையில் இறைப்பதை நிறுத்தி, தொட்டியில் வைக்கிறோம். கிளிஞ்சல் தூள் தனியாக வைத்திருக்கிறோம். சுண்ணாம்புச் சத்து போதுமான அளவு கிடைத்தால் கோழியின் உடல் காரீயத்தைக் குறைவாக உறிஞ்சும். பழைய கோழிகளின் எலும்பில் இருப்பது உடனே போகாது என்பதால் அவற்றின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. புதிதாகக் குஞ்சு வாங்கித் தனியாக வளர்க்கிறோம்.

இரண்டு இடத்து மண்ணையும் தனியார் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறோம். காரீயம், ஆர்சனிக், காட்மியம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வீடு கட்டலாம் என்று சொல்லும் அளவு மண் கோழிக்குப் போதாது. ஆஸ்திரேலியாவில் குடியிருப்பு நிலத்துக்கு வரம்பு கிலோவுக்கு 300 மில்லிகிராம் காரீயம். ஆனால் முட்டை பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் மண்ணில் 117-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

கோழி வளர்க்காதவர்களும் ஒன்று செய்யலாம். பாசாரில் நாட்டுக்கோழி என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும்போது எங்கே வளர்த்தது, எதைப் போட்டு வளர்த்தது என்று கேளுங்கள். பதில் சொல்லக்கூடிய வியாபாரியிடம் வாங்குங்கள். பிள்ளைகளுக்கு தினமும் ஒரே இடத்துக் கோழி, ஒரே இடத்து முட்டை என்றில்லாமல் பருப்பு, மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது அம்மாவிடம் சொன்னதுதான். உங்கள் கோழி சரியில்லை என்பது ஒன்று. அப்பா செய்த வேலையால் என்பது இன்னொன்று. நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்ததும் அம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கு இதெல்லாம் தெரியுமா? தெரிஞ்சா உங்களப் பக்கத்துல உக்கார வச்சிருப்பாரா?" என்றார். அன்று மாலை பின்சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் வலையை அவரே இறக்கினார். எங்கள் பிள்ளைகள் அந்தக் குண்டுகளை வைத்துத்தான் கோலி விளையாடுவார்கள். வலையைச் சாக்கில் சுற்றிக் கட்டி, பரண்மேல் ஏற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார். எங்களையும் கழுவச் சொன்னார்.

போன வாரம் போன் செய்தார்.

"புதுக் குஞ்சு எல்லாம் நல்லா இருக்கு. இன்னும் நாலு மாசத்துல முட்டை வைக்கும். மண்ணு ரிசல்ட் வந்துச்சா?"

"இன்னும் வரலம்மா."

"வந்ததும் சொல்லு. நல்லபடியா வந்தாதான் பேரனுக்கு அனுப்புவேன்."